காவலூர் கண்ட வளையம்

யுரேனஸ் என்னும் தொலைதூரக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தது நம் காவலூர் வானாய்வகமே என்னும் செய்தியை நம்மில் பலர் கேட்டிருப்போம். கிருஷ்ணகிரிப் பகுதியில் வாழும் நமக்கு அது தனி மகிழ்ச்சி தருவது. குருபரப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நேர் கிழக்கே, நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், சவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். நம் தலைக்கு மேலே எந்த விண்மீன்கள் கடந்து செல்கின்றனவோ, அவைதாம் சில நிமிடங்களுக்கு முன்னர் காவலூரின் உச்சியையும் கடந்து வந்திருக்கும். ஆகவே அங்கே நிகழ்ந்த கண்டுபிடிப்பை நம் வீட்டு முற்றத்தில் நிகழ்ந்ததாகவே எண்ணிப் பெருமை கொள்கிறோம்.

ஆயினும் அச்செய்தி முழு உண்மையா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூறவேண்டும். முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, மேடைப் பேச்சில் சொல்லப்படாத ஒரு வரலாறு இருக்கிறது. என் எண்ணத்தில் அது மேடைப் பேச்சைவிடக் காவலூருக்குப் பெருமை சேர்ப்பது.

முதலில் அக்கோளைப் பற்றிச் சில சொற்கள். கதிரவனிடமிருந்து ஏழாவது இடத்தில், ஏறக்குறைய 287 கோடி கிலோமீட்டர் தொலைவில் யுரேனஸ் சுற்றி வருகிறது. கதிரவனின் ஒளி அங்கே சென்று சேர இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. ஒரு முறை கதிரவனை வலம்வர அதற்கு 84 ஆண்டுகள் வேண்டும். மனிதனின் நிறைவாழ்வு அதற்கு ஓராண்டு. அதன் விட்டம் பூமியின் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு. மற்றக் கோள்கள் பம்பரம்போல் நின்று சுழல, இதுமட்டும் கீழே சாய்ந்துவிட்ட பம்பரம்போல் 98 பாகை சரிந்து, உருண்டுகொண்டே செல்கிறது. இதனால் அதன் துருவங்களில் தொடர்ந்து 42 ஆண்டுகள் பகல். பின் 42 ஆண்டுகள் இரவு. அதன் நிறம் நீலமும் பச்சையும் கலந்தது. அந்த நிறத்துக்குக் காரணமான சுவட்டை முதலில் கண்டவர் ஒரு குரு என்பதை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். உரோமையில் விண்மீன்களின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்து வந்த இயேசு சபை அருள்தந்தை ஆஞ்செலோ செக்கி 1869இல் யுரேனஸின் நிறமாலையைப் பார்த்தபோது, அதில் இனம் தெரியாத இருண்ட பட்டைகள் இருக்கக் கண்டார். அவை என்னவென்று அவரால் கூற இயலவில்லை. கண்டதை எழுதி வைத்தார். அவை மீத்தேன் வாயுவால் தோன்றியவை என்பது அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1930களில்தான் தெளிவாயிற்று.

முன்பு காண்பதும், பின்பு அறிவதும் யுரேனஸின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் அரச வானியலார் ஜான் ஃபிளாம்ஸ்டீட் 1690 டிசம்பரில் அதைக் கண்டார். கண்டு, ரிஷப இராசியின் 34ஆம் விண்மீன் என்று தம் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். பிரான்சு நாட்டு லெமோனியே பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் குறைந்தது பன்னிரண்டு முறை அதைக் கண்டார். அதிலும் சில நாள்கள் அடுத்தடுத்துக் கண்டார். பன்னிரண்டு முறையும் விண்மீன் என்றே எண்ணினார். 1781 மார்ச் 13ஆம் நாள் இரவு, பாத் நகரில் தம் வீட்டுத் தோட்டத்தில் தாமே செய்த தொலைநோக்கியுடன் நின்ற வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆலய இசைக்கலைஞர்தாம், இது விண்மீன் அன்று என்று உணர்ந்தவர். அவரும் என்னவென்று அறிவித்தார்? வால்மீன் என்று! பின்னர் லெக்ஸெல் முதலியோர் கணக்கிட்டு, அதன் பாதை ஏறக்குறைய வட்டமானது, ஆகவே அது கோளே என்று காட்டினர். இன்று ஹெர்ஷலின் பெயரே வரலாற்றில் நிற்கிறது. அவர் வால்மீன் என்று சொன்னதை யாரும் குற்றமாகப் பாராட்டுவதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஃபிளாம்ஸ்டீட் யுரேனஸை விண்மீன் என்று எழுதிவைத்ததற்கு ஓராண்டு முன்னர், 1689 டிசம்பரில், புதுச்சேரியில் இயேசு சபை அருள்தந்தை ழான் ரிஷோ தொலைநோக்கி கொண்டு ஒரு வால்மீனைக் கவனித்து வந்தார். சீயம் நாட்டிலிருந்து வெளியேற நேர்ந்து இங்கு வந்து சேர்ந்தவர் அவர். வால்மீனைத் தேடிய அக்கண்களுக்குத் தென்வானின் பேரொளி மீன் ஒன்று இரட்டையாகத் தென்பட்டது. ஆல்ஃபா சென்டாரி ஓர் இரட்டை விண்மீன் என்னும் கண்டுபிடிப்பு தமிழகக் கடற்கரையில் பிறந்தது இவ்வாறுதான். அதன்பின் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. நூறாண்டு கழித்து அப்பணி கொடைக்கானல் மலைக்கு ஏறியது. காவலூர் இந்த வழிமரபின் இளைய பிள்ளை.

காவலூரைத் தெரிவு செய்தவர் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்து, ஹார்வர்டில் பயின்றபோதே ஒரு வால்மீனுக்குத் தம் பெயர் சூட்டப்படும் பேறு பெற்று, தாயகம் திரும்பியவர். கொடைக்கானல் கதிரவனை ஆராய ஏற்றது. ஆனால் மேகமும் பனியும் மிகுந்த அதன் இரவுகள் விண்மீன் ஆய்வுக்கு ஏற்றவை அல்ல. எனவே அவர் தென்னாட்டின் மலைகளில் தெளிந்த இரவு வானத்தைத் தேடினார். நகர விளக்குகளுக்கு அப்பால், சந்தன மரக் காடுகளுக்கிடையே, கடல்மட்டத்துக்கு எழுநூறு மீட்டர் உயரத்தில் இருந்த காவலூர் அவருக்கு நிறைவளித்தது. 1960களின் இறுதியில், நம் நாட்டிலேயே உருவாக்கிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணி தொடங்கிற்று. 1972இல், அன்றைய கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் நிறுவனம் செய்த, ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டமுள்ள ஆடிகொண்ட தொலைநோக்கி வந்தது. நம் கதையின் நாயகன் அந்தத் தொலைநோக்கியே.

வானில் ஒரு கோள் நகர்ந்து செல்லுகையில், சில வேளைகளில் தொலைவிலுள்ள ஒரு விண்மீனை நம் பார்வையிலிருந்து மறைக்கும். எதிர்க்கரை வீட்டில் எரியும் விளக்கு, இடையே ஒருவர் நடந்து செல்லும்போது கணப்பொழுது மறைவதைப் போன்றது இது. நடந்தவரின் முகம் நமக்குத் தெரியாது. ஆயினும் விளக்கு எவ்வளவு நேரம் மறைந்தது, சட்டென மறைந்ததா, மெல்ல மங்கிற்றா என்பதைக் கொண்டு அவரது பருமனையும், அவர் போர்த்தியிருந்தது கம்பளியா மெல்லிய துணியா என்பதையும் ஒருவாறு ஊகிக்கலாம். கோளின் விட்டத்தையும் அதன் காற்றுமண்டலத்தையும் அறிவதற்கு வானியலார் இந்த உத்தியைக் கையாளுகின்றனர்.

1977 மார்ச் 10ஆம் நாள், துலா இராசிப் பகுதியிலுள்ள ஒரு மங்கலான விண்மீனை யுரேனஸ் மறைக்கும் என்று கிரீன்விச் வானாய்வகத்தைச் சேர்ந்த கோர்டன் டெய்லர் முன்கூட்டியே கணித்திருந்தார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த விண்மீனுக்குப் பெயரும் இல்லை, எஸ்.ஏ.ஓ. 158687 என்னும் பட்டியல் எண் மட்டுமே. இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளிலிருந்து இந்நிகழ்ச்சியைக் காணலாம் என்பதால், பல வானாய்வகங்கள் ஆயத்தமாயின. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எலியட்டும் துணைவரும் வேறு வழியை நாடினர். கைப்பர் வானாய்வகம் என்பது உண்மையில் ஒரு விமானம். 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்திய பெரிய விமானம். அதில் ஏறி, மேகங்களுக்கு மேலே, தென்கடலின் மீது பறந்தவாறு அவர்கள் காத்திருந்தனர். நிகழ்ச்சியின் நேரம் பற்றி ஐயம் இருந்தமையால் கருவிகளை மிக முன்னதாகவே இயக்கிவிட்டனர். இந்த முன்னெச்சரிக்கைதான் அவர்களுக்குப் புகழ் தேடித் தந்தது.

காவலூரில் ஜகதீஷ் சந்திர பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் தொலைநோக்கியின் அருகே இருந்தனர். உலக நேரப்படி மார்ச் 10 என்றாலும், இந்தியாவில் நள்ளிரவு கடந்து 11ஆம் நாள் பிறந்துவிட்ட வேளை அது. அந்நாள்களில் நாடு முழுவதும் வேறொன்றில் ஆழ்ந்திருந்தது. நெருக்கடி நிலைக்குப் பின்வந்த மக்களவைத் தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. சுவர்கள் யாவும் சின்னங்கள். நமக்கோ அது தவக்காலம். சவ்வாது மலையின் உச்சியில் இருவர், பெயரற்ற ஒரு விண்மீனின் ஒளி எழுதிய கோட்டை நோக்கி விழித்திருந்தனர் என்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

கோள் விண்மீனை மறைக்கும் வேளை இன்னும் வரவில்லை. அதற்கு முன்பாகவே விண்மீனின் ஒளி திடீரெனத் தாழ்ந்தது. சில விநாடிகளில் மீண்டும் எழுந்தது. இடையே எதுவோ கடந்து சென்றிருக்கிறது. மேகமா? கருவிப் பிழையா? அவ்விரண்டையும் ஆராய்ந்து விலக்கிய பின், எஞ்சியது ஒரே விளக்கம்: யுரேனஸின் அருகே, இதுவரை யாரும் அறியாத ஒரு பொருள் இருக்கிறது. அன்று யுரேனஸுக்கு ஐந்து துணைக்கோள்கள் மட்டுமே தெரிந்திருந்தன; கடைசியாகக் கண்ட மிராண்டா 1948இல் அறியப்பட்டது. ஆகவே காவலூரார் அதனை ஆறாவது துணைக்கோள் என்று கொண்டனர்.

தென்கடலின் மீது பறந்த விமானத்திலும் அதுவே நிகழ்ந்தது. ஆனால் அங்கே கோள் விண்மீனை மறைப்பதற்கு முன் ஐந்து முறை ஒளி தாழ்ந்தது. கோள் விலகிய பின் மறுபடியும் ஐந்து முறை தாழ்ந்தது. அவர்களும் முதலில் சிறு துணைக்கோள்களின் கூட்டம் என்றே கருதினர். பின்னர் முன்னைய ஐந்தையும் பின்னைய ஐந்தையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட்டபோது, கோளின் இருபுறமும் அவை ஏறக்குறைய ஒரே தொலைவில் அமைந்திருக்கக் கண்டனர். துணைக்கோள்கள் அவ்வாறு இருபுறமும் இணை இணையாக நிற்பதில்லை. அவை வளையங்கள்! சனிக்கு மட்டுமே உரியது என்று முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாக எண்ணப்பட்டு வந்த அணிகலன் யுரேனஸுக்கும் உண்டு என்பது அப்போது வெளிப்பட்டது.

1977 மே மாதத்தில் வெளிவந்த ‘நேச்சர்’ இதழ் ஒன்றில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து இடம்பெற்றன. முதலாவது எலியட் குழுவினருடையது. யுரேனஸின் வளையங்கள் என்பது அதன் தலைப்பு. இரண்டாவது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கண்டவர்களுடையது. அதுவும் வளையங்களையே கூறிற்று. மூன்றாவது பட்டாச்சார்யா, குப்புசாமி இருவருடையது. அதன் தலைப்பு யுரேனஸின் புதிய துணைக்கோள் என்பது. ஒரே இரவு, ஒரே விண்மீன், ஒரே வளையம். மூன்று கட்டுரைகளுள் இரண்டு அதைப் பெயர் சொல்லி அழைத்தன; ஒன்று வேறு பெயரிட்டது. இதுதான் நாம் மேடையில் சொல்லாமல் விடும் பகுதி.

ஏன் விடுகிறோம்? சொன்னால் நம் ஊருக்கு இழுக்கு என்னும் அச்சமே காரணம் என்று நினைக்கிறேன். இழுக்கு யாதுமில்லை. ஒரே ஒரு மங்கலைக் கையில் வைத்துக்கொண்டு வளையம் என்று ஒருவர் அறிவித்திருந்தால், அதுவே துணிச்சலான பேச்சு. கிடைத்த சான்று எதைத் தாங்குமோ அதைமட்டும் அவர்கள் கூறினர். 1610இல் கலிலேயோ சனிக்கோளைத் தம் தொலைநோக்கியில் கண்டபோது, அதன் இருபுறமும் இரண்டு துணைகள் நிற்பதாகவே எழுதினார். அவர் கண்டது வளையத்தை, எண்ணியது துணைக்கோள்களை. அது வளையம் என்பதை ஹாலந்து நாட்டு ஹைகென்ஸ் விளக்கி நூலாக வெளியிட்டது 1659இல். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இடைவெளி. காவலூரார் செய்த பிழை கலிலேயோ செய்த அதே பிழைதான். ஆனால் அவர்கள் அதைத் திருத்திக்கொள்ள ஐம்பது ஆண்டுகள் ஆகவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள்ளாகவே பட்டாச்சார்யாவும் பாப்புவும் இணைந்து, அந்த இரவின் பதிவுகளை மறுபடியும் துருவி ஆராய்ந்து, அதே இதழில் இன்னொரு கட்டுரை வெளியிட்டனர். யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போன்ற வளையத் தொகுதி உண்டு என்று அதன் தலைப்பே முழங்கிற்று. பதிவு மாறவில்லை, அதே கோடுகள். அதைப் படிக்கும் கண் மாறியிருந்தது.

எம்மாவுக்கு நடந்த சீடர் இருவரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. உடன் நடப்பவரை அவர்கள் வழிநெடுகக் கண்டார்கள்; யாரென்று அறியவில்லை. அப்பம் பிட்கப்பட்டபோது அறிந்தார்கள். அறிந்த அந்நொடியில், வழியில் தங்கள் உள்ளம் கொண்டிருந்த அனலும் அவர்களுக்கு விளங்கிற்று. முன்பு கண்டது வீண்போகவில்லை. லூக்கா நற்செய்தியாளரும் அவர்கள் அறியாமல் நடந்ததை மறைத்து எழுதவில்லை.

நம் பத்துக் கட்டளைகளுள் எட்டாவது பொய்ச்சான்றை விலக்குகிறது. அண்டை வீட்டாரைப் பற்றிப் பொய் சொல்லலாகாது என்றே மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். நம் ஊரைப் பற்றியும், நம் இனத்தைப் பற்றியும் கூட்டிச் சொல்லுவது அக்கட்டளைக்குள் அடங்காதா? மாணவன் ஒருவன் பெரியவனாகி மூலக் கட்டுரையைத் தேடிப் படித்து, அங்கே துணைக்கோள் என்றிருப்பதைக் காணும்போது, மேடையில் தனக்குச் சொல்லப்பட்ட மற்ற உண்மைகளையும் ஐயுறத் தொடங்குவான். இதற்கு நேர்மாறாக, காவலூரை அடியோடு மறந்துவிட்டு அமெரிக்க விமானத்தை மட்டுமே பேசும் நூல்களும் உண்டு. அவையும் முழுச்சான்று கூறுவன அல்ல. அந்த இரவில் நைனிதால் வானாய்வகமும் இதே நிகழ்ச்சியைக் கண்டது என்பதை எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

காவலூருக்கு இது முதல் அனுபவமும் அன்று. 1972இல், பெரிய தொலைநோக்கி நிறுவப்பட்ட அதே ஆண்டில், வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அங்கிருந்து கண்டனர். ஒளி மங்கிய விதத்தைக் கொண்டு, கானிமீடுக்கு மெல்லிய காற்றுமண்டலம் உண்டு என்னும் முடிவு பெறப்பட்டது. 1979இல் வாயேஜர் விண்கலம் அருகே சென்று அளந்தபோது, அவ்வளவு காற்று அங்கில்லை என்று தெரிந்தது. பின்னர் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக நுண்ணிய ஆக்சிஜன் படலத்தைக் கண்டது. இந்த ஏற்ற இறக்கங்களைக் கேட்டு அறிவியலை நகைப்போர் சிலர் நம்மிடையே உண்டு. தன் பிழையைத் தானே அச்சிட்டு வெளியிடும் துறையை நகைப்பதற்கு முன் சற்றுத் தயங்குதல் நன்று. கலிலேயோ வழக்கில் நேர்ந்த தவற்றைத் திருஅவை 1992இல் இரண்டாம் யோவான் பவுலின் வாயிலாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டதை நாம் பெருமையோடுதானே நினைவுகூர்கிறோம்?

1986 ஜனவரி 24ஆம் நாள் வாயேஜர் 2 யுரேனஸின் முகில்களுக்கு மேலே ஏறத்தாழ 81,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்று, அந்த வளையங்களை நேரே படம் பிடித்தது. சனியின் வளையங்கள் பனிக்கட்டியால் ஒளிர்பவை. யுரேனஸின் வளையங்களோ கரியைப்போல் கருத்தவை. தம்மேல் விழும் சொற்ப ஒளியில் நூற்றில் இரண்டு பங்கைக்கூடச் சரியாகத் திருப்பித் தருவதில்லை. ஒளியைத் தேடியவர்களுக்கு அவை இருநூறு ஆண்டு அகப்படாமல், ஒளி மறைந்தபோது அகப்பட்டதன் காரணம் இதுதான். எப்சிலான் எனப்படும் பெரிய வளையமே சில இடங்களில் 20 கிலோமீட்டரும், சில இடங்களில் 96 கிலோமீட்டரும் அகலம் கொண்டது. மற்றவை பெரும்பாலும் பத்துக் கிலோமீட்டரை எட்டுவதே அரிது. குருபரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் தொலைவைவிட ஒடுங்கிய கோடுகளை, 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மலைமேல் நின்று கண்டார்கள்! கார்டீலியா, ஒஃபீலியா என்னும் இரு சிறு துணைக்கோள்கள் எப்சிலான் வளையத்தின் உள்ளும் புறமும் ஓடி, மந்தையை மடக்கும் மேய்ப்பர்போல் அதைச் சிதறாமல் காக்கின்றன. வானியலார் அவற்றை மேய்ப்பர்கள் என்றே அழைக்கின்றனர்.

இன்று வளையங்களின் எண்ணிக்கை 13. துணைக்கோள்களோ, 2025இல் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்ட ஒன்றையும் சேர்த்து 29. வளையங்களின் பெயர் வரிசையைப் பார்ப்பவர் திகைப்பர். ஆறு, ஐந்து, நான்கு என்று எண்கள் தொடங்கி, திடீரென ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகள் வருகின்றன. பெர்த் நகரத்தார் எண்ணிட்டனர். எலியட் குழுவினர் எழுத்திட்டனர். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார்கள். காவலூர் வைத்த பெயர் அவ்வரிசையில் இல்லை. இல்லாத துணைக்கோளுக்குப் பெயர் எப்படி நிலைக்கும்?

பாப்பு 1982இல், உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராய் இருந்தபோதே, மியூனிக் நகரில் காலமானார். 1986 ஜனவரியில், வாயேஜர் யுரேனஸை நெருங்கிக்கொண்டிருந்த அதே மாதத்தில், காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரால் அர்ப்பணிக்கப்பட்டது. பாப்புவுக்குப் பின் இயக்குநர் பொறுப்பேற்ற பட்டாச்சார்யா 2012இல் மறைந்தார். பின்னாளில் அங்கு எழுந்த 1.3 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயர் தாங்குகிறது. வளையத்தைக் கண்ட பழைய தொலைநோக்கியும் 2022இல் ஐம்பதாண்டு நிறைவு கண்டது.

பாப்பு தேடிக் கண்ட இருள் இப்போது குறைந்து வருகிறது. ஓசூர் தொடங்கி நெடுஞ்சாலை நெடுகிலும், நம் குருபரப்பள்ளியிலும், தொழிற்சாலை விளக்குகள் இரவைப் பகலாக்குகின்றன. அவை பல குடும்பங்களுக்குச் சோறு போடும் விளக்குகள். குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும் இரவுப் பணி முடித்துப் பேருந்துக்குக் காத்திருக்கும் இளைஞர்கள், சாலையை விட்டுச் சற்று உள்ளே வயல்வரப்புக்கு நடந்து, மார்கழி வானில் கார்த்திகை மீன்களைத் தேடிப் பார்க்கலாம். யுரேனஸ் தன் பாதையில் இப்போது ரிஷப இராசிக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஃபிளாம்ஸ்டீட் விண்மீன் என்று எழுதிக்கொண்ட அதே இராசி. 2025இல் அது கார்த்திகைக் கூட்டத்துக்குத் தெற்கே சற்றே தள்ளி நின்றது. வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் எட்டாது. ஒரு சிறு இருகண் நோக்கி கையில் இருந்தால், அசையாத சிறு புள்ளியாக அது தெரியும்; பக்கத்து விண்மீன்களிலிருந்து அதைப் பிரித்தறிய, சில வாரம் கழித்து மறுபடியும் வந்து பார்க்கவேண்டும்.